வெயில் தொடுவதற்குள் தலைகுந்தா

ஊட்டியில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. டிசம்பர், ஜனவரி வந்தால் வாட்ஸப்பில் வெள்ளை வெளேரென்று புல்வெளிப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கோவையிலிருந்து கிளம்பிப் போகிற குடும்பங்கள் நிறைய. பதினோரு மணிக்கு அவர்கள் போய் இறங்கும்போது புல் பச்சையாகத்தான் இருக்கும், கொஞ்சம் ஈரத்தோடு. அங்கே உண்டாகிற வெள்ளை தரையிலேயே உண்டாவது. ராத்திரி முழுக்கப் புல்நுனியில் கட்டி, வெயில் பட்டதும் கரைந்துவிடும். பார்க்க வேண்டுமென்றால் மூணு மணிக்கே மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த ஜனவரியில் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைக்கிறவர். ஊட்டிக்கு அவர் போனதெல்லாம் மே மாதத்து மலர்க்கண்காட்சிக்குத்தான், ஒறம்பரைக் கூட்டத்தோடு வேன் பிடித்து. குளிர்காலத்து ஊட்டியைக் கண்டதில்லை. "மூணு மணிக்குக் கிளம்பணும் பெரியப்பா, முடியுங்களா?" என்று போனில் கேட்டேன். "ராவுல தண்ணி கட்டப் போற ஆளுக்கு மூணு மணி என்ன, ரெண்டு மணி என்ன கண்ணு" என்றார். முந்தின நாள் பொழுதோடவே சால்வையும் மப்ளருமாகக் கோவைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

எந்த ராத்திரியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இதில் முக்கியமான காரியம். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கோவையில் விடியற்காலை 18 டிகிரி இருந்தால், மலை ஏறியதற்காக மட்டும் ஒரு 12 டிகிரி கழியும். மீதி 6 டிகிரி. ஆறு டிகிரியில் தண்ணீர் உறையாது. அந்த மீதியையும் கழிப்பது வானம்.

பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியில் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். காற்று அடித்தால் மேலே இருக்கிற கொஞ்சம் சூடான காற்று கீழே வந்து கலந்துவிடும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை, காற்றில் ஈரப்பசையும் கம்மி என்றால் தரையின் சூடு தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நீலகிரியில் இப்படிப்பட்ட ராத்திரிகள் வரிசையாக வரும். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற வரிசை இதுதான். அதனால் தேதியைப் பார்த்துக் கிளம்புவதில் பிரயோசனமில்லை. பொங்கல் லீவு என்பதற்காகப் பனி பிடிக்காது. ஊட்டியில் இருக்கிற தெரிந்தவர் யாருக்காவது சாயங்காலம் ஒரு போன் போட்டு, "வானம் எப்படி இருக்கு? நட்சத்திரம் தெரியுதா?" என்று கேட்பதுதான் என் வழக்கம். நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது, இலை அசையவில்லை என்றால் கிளம்பலாம். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பதால் அதையும் முந்தின நாளே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம். பகலில் சிக்னல் சிக்னலாக நின்று நகர வேண்டிய அந்த ரோடு, மூணு மணிக்கு வேறு ரோடு. மார்கழி முடிகிற சமயம், கோயில் மைக்கூட இன்னும் எழுந்திருக்கவில்லை. காரமடை தாண்டியதும் எதிரே இருட்டுக்குள் ஆகாயத்தில் விளக்குகள் தெரிந்தன. நட்சத்திரம் என்று நினைக்கிற உயரத்தில் இருந்தாலும் அவை மலைமேல் இருக்கிற ஊர்களின் தெருவிளக்குகள். கண்ணாடியை இறக்கிவிட்டால் கறிவேப்பிலைத் தோட்டத்து வாசம் வந்தது. காரமடைப் பக்கம் கறிவேப்பிலை பெரிய வெள்ளாமை. பெரியப்பா அந்தத் தோட்டங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து, கிணறா போரா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மேட்டுப்பாளையத்தில் டீக்கடைகள் முழித்திருந்தன. மலையிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் இறங்குகிற ஊர் என்பதால் அந்த ஊருக்கு ராத்திரி என்பதே கிடையாது. மண்டிப் பக்கம் லாரிகள் பின்னோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தன. ரயில் நிலையத்தில் நீலகிரி மலை ரயில் காலை ஏழு மணிக்கு மேல்தான் கிளம்பும். உறைபனிக்கு அது உதவாது. ஆனால் அந்த ரயிலைப் பற்றிப் பெரியப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும் அளவுக்குச் செங்குத்து, அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் வைத்து, அதைக் கடித்துக் கடித்து எஞ்சின் ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. "இதுல நான் ஒருக்கா போயிருக்கறேன், உங்க பெரியம்மா இருக்கறப்ப" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லாறு பாலம் தாண்டினால் ஏற்றம். இருபக்கமும் பாக்குத்தோப்பு, அதற்குள் இன்னும் கெட்டியான இருட்டு. யானைகள் கடக்கிற இடம் இது, அதனால் இங்கே வேகம் கூடவே கூடாது. கல்லாற்றில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, மேலே பர்லியாரில் இன்னொன்று. மங்குஸ்தானும் துரியனும் காய்க்கிற பண்ணைகள். மழைக்காட்டுப் பழம் காய்க்கிற வெக்கையிலிருந்து, புல் உறைகிற குளிருக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் குறையவில்லை. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தையும் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவான ரோட்டில் ஏறுகிறோம்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. குறுகலான இடத்தில் இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, வண்டி ஓட்டும் விதியிலேயே இருக்கிறது. கேரட் லாரி ஓட்டுகிறவர்கள் இதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் நம் விளக்கு வெளிச்சம் தெரிந்ததுமே அங்கேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, நம்மை ஏற விட்டபிறகுதான் நகர்ந்தார்கள். அந்த நேரத்தில் வண்டியோட்டிகளுக்கு இடையில் இருக்கிற இந்த ஒழுங்கு பகலில் சுற்றுலாக் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

பர்லியார் சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள், வண்டிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார்கள். பெரியப்பா தூக்குப்போசியில் கொண்டுவந்த தண்ணீரைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். காட்டேரி தாண்டும்போது கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து ரோடு மங்கியது. இந்த நேரத்தில் துணியால் துடைத்துப் பிரயோசனமில்லை, ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். குளிரில் ஏசியா என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். உள்ளிருக்கிற ஈரத்தை ஏசிதான் உறிஞ்சும் என்று சொன்னதும் சரி என்று மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு எல்லாம் இருட்டிலேயே கடந்தன. கேத்திப் பக்கம் வரும்போது பள்ளத்தில் விளக்குகள் அசைவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினோம். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஆட்கள் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய கேரட் அங்கிருந்து கழுவுகிற மெஷினுக்குப் போய், மண் போய், மூட்டையாகி, மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு இறங்க வேண்டும். நாம் வழியில் பார்த்த லாரிகளின் ஆரம்பம் இந்தக் குளிரில் கிடக்கிற இந்தக் கைகள்தான். கடையில் கேரட் வாங்கும்போது கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறவர்களை ஒருமுறை இங்கே கூட்டிவர வேண்டும் என்று தோன்றியது. "காட்டெருமை வருமே, பயமில்லாம எப்பிடி?" என்று பெரியப்பா கேட்டார். வரத்தான் செய்கிறது. அதனால்தான் ராத்திரி அறுவடைக்கு அவ்வப்போது எதிர்ப்பும் கட்டுப்பாடும் வருகின்றன.

ஊட்டி தாண்டி, கூடலூர் ரோட்டில் தலைகுந்தாவுக்கு வந்தபோது கிழக்கே சாம்பல் வெளிச்சம். ஊட்டி டவுனைவிட இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தைவிடக் கீழே இருக்கிற தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில்தான் உறைபனி அதிகம் பிடிக்கிறது. உயரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பள்ளத்தைத் தேடிப் போக வேண்டும்.

இறங்கினோம். முழுப் புல்வெளியும் வெளுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாக ஐஸ். சிலந்திவலை ஒன்று நூல் நூலாகத் தடித்து நின்றது. நின்றிருந்த ஒரு டாக்ஸியின் கூரையில் உப்பு பூத்திருந்தது என்றே பெரியப்பா முதலில் நினைத்தார், விரலால் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்தார். அதே வண்டியின் சக்கரத்துக்குக் கீழே தார் ரோடு கறுப்பாக, வெறும் ஈரத்தோடு இருந்தது. ரோடு பகல் சூட்டைத் தடிமனாக உள்ளே வைத்திருக்கிறது. மெல்லிய புல்லுக்கும் தகரத்துக்கும் அந்தச் சேமிப்பு இல்லை, அதனால் அவைதான் முதலில் உறைகின்றன. டாக்ஸிக்காரர் முன்கண்ணாடியில் சாதாரணத் தண்ணீரைத்தான் ஊற்றினார். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேப்பரில் அன்றைக்கு ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி, 4 டிகிரி என்று போட்டிருப்பார்கள். பூஜ்யத்துக்குப் போகாமல் எப்படி உறைந்தது என்று கேட்பார்கள். வானிலைத் துறையின் வெப்பமானி தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. காற்றில்லாத ராத்திரியில் புல்லின் உயரத்தில் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். இரண்டும் உண்மைதான்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்தது. புல்லில் இறங்கி ஓடி, ஐஸைச் சுரண்டி உருண்டை பிடித்து எறிந்தார்கள். குழந்தைகளின் சந்தோஷம் நியாயமானது, தடுக்க மனசு வராது. ஆனால் உறைந்த புல் மிதித்தால் வளையாது, ஒடிந்துவிடும். ஓரமாக நின்று பார்ப்பதற்கே போதுமான அளவு அங்கே இருக்கிறது.

சூரியன் மலைமேட்டுக்கு மேலே வந்ததும் நடந்ததுதான் நான் பெரியப்பாவுக்குக் காட்ட நினைத்தது. வெயில் படுகிற கோடு மேற்கிலிருந்து புல்வெளியில் நகர்ந்து வர, அது தொட்ட இடமெல்லாம் ஆவி எழுந்து பச்சையாகிக்கொண்டே வந்தது. மரத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் மரத்தின் உருவத்திலேயே வெள்ளையாக மிஞ்சியது. பெரியப்பா அந்தக் கோட்டோடு கூடவே நடந்தார்.

திரும்பும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். பாதித் தோட்டம் தீ பட்ட மாதிரி பழுப்பாக நின்றது. பக்கத்தில் குச்சி எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார் தோட்டக்காரர், படுகர். பெரியப்பா நேராகப் போய்விட்டார்.

"ஏனுங்க, மருந்து கிருந்து ஏதாச்சும் கூடிப் போச்சுங்களா?"

"மருந்தில்லைங்க ஐயா, பனி. ராத்திரி பிடிக்குது, காலைல சுள்ளுன்னு வெயில் அடிச்சா கருகிப்போயிருது."

"மேல இருக்கறது மட்டும் பச்சையா நிக்குதே?"

"குளிரும் தண்ணி மாதிரிதானுங்க. பள்ளம் பார்த்துத்தான் வந்து நிக்கும்."

வாய்க்கால் பாசனக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருவரும் குந்தி உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து உயிரணுவைக் கிழித்துவிடுகிறது, கருகிய நுனியைக் கவாத்து வெட்டி, மறுபடி துளிர்க்கக் காத்திருக்க வேண்டும், அதுவரை பறிக்க இலை இல்லை. உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸும் ஒரே ராத்திரியில் கறுத்துவிடும். கேரட் மண்ணுக்குள் இருப்பதால் தப்பிக்கும், முட்டைக்கோஸும் தாங்கும். தாழ்வான இடத்துச் செடிகளுக்குத் தழை போட்டு மூடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடுகிறவர்களும் உண்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைப்பதும் இதற்காகத்தான். நாங்கள் வண்டியேறி வந்து அழகு என்று பார்த்தது, அவருக்கு ஒரு பருவத்து வருமான இழப்பு. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "இது வருஷா வருஷம் வர்றதுங்க. வராட்டித்தான் என்னமோ மாதிரி இருக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்த மலையின் உருவமே பனியால் ஆனது. நீலகிரியின் மேல்மட்டத்தில் பழைய நிலம் எப்படி இருந்தது என்பதை அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் இன்றும் பார்க்கலாம். மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடு, அதைச் சுற்றி வெறும் புல். சோலைக்கும் புல்லுக்கும் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஓர் எல்லை. சோலைக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே உறைவதில்லை. சோலை மரத்தின் விதை வெளியே புல்லில் விழுந்து முளைத்தால், அந்தக் கன்றை ஒரு குளிர்காலத்து உறைபனி கொன்றுவிடும். புல் கருகினாலும் வேரிலிருந்து திரும்ப வரும். இப்படித்தான் உறைபனி இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தது அந்தப் புல்லில்தான்.

அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மேலே ஏறினார். 1868-ல்தான் நீலகிரி கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. விறகுக்கும் தோலுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் பெரிய அளவில் நட்டோம், ரேயான் ஆலைக்கும் தோல் பதனிடுவதற்கும். இந்த மரங்கள் உறைபனிக்கு அசைவதில்லை. சோலை மரம் தாண்ட முடியாத எல்லையைச் சீகை சுலபமாகத் தாண்டிப் புல்வெளியை மூடிக்கொண்டே போகிறது. ராத்திரிக் குளிரும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு போனால் அந்த எல்லை இன்னும் பலவீனமாகும். தேயிலைக்காரருக்கு நல்லது, புல்லுக்குக் கெட்டது. இரண்டில் எனக்கு எது முக்கியம் என்று கேட்டால் புல் என்றுதான் சொல்வேன், தேயிலைக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்தாவது.

இதைப் பெரியப்பாவிடம் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இந்தப் புல்லுத் தண்ணி எங்க போகுது?"

உங்களுக்குத்தான் வருகிறது என்றேன். இந்தப் புல்வெளிகளும் சோலைகளும் மழையை உடனே ஓடவிடாமல் உறிஞ்சி, சதுப்புகளில் தேக்கி, கோடையிலும் கசியவிடுகின்றன. மேல்பவானியில் பிறக்கிற பவானி பில்லூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. பைக்காராப் பக்கத்துத் தண்ணீர் மோயாறாகி வருகிறது. இரண்டும் 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் சேர்கின்றன, அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால். கோவைக்குப் பில்லூரிலிருந்து குடிதண்ணீர். 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்த பிறகுதான் கோவை மில்களுக்குத் தாராளமாகக் கரண்ட் கிடைத்தது. அவருடைய மஞ்சள் காடும் என்னுடைய குழாயும் இந்தப் பள்ளத்தோடு சேர்ந்தவை.

பெரியப்பா கொஞ்ச நேரம் புல்லைக் கையால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அடியில் மண் கறுப்பாக, பிழிந்தால் நீர் வருகிற மாதிரி இருந்தது. "எங்க காட்டுல இப்பிடி மண்ணு இருந்தா நான் வருஷத்துல பாதி நாள் தண்ணி கட்டவே தேவையில்ல" என்றார்.

இறங்கும்போது கோத்தகிரி வழியாக வந்தோம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. பிரேக்கை மட்டும் நம்பி நாலாவது கியரில் இறங்குகிற வண்டிகளிலிருந்து தீய்ந்த வாடை வரும், அதன் பின்னால் போகாமல் ஒதுங்கிவிடுவது உத்தமம். மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தின்மேல் வண்டியை மெதுவாக விடச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, புஞ்சைக்கு விட்ட தண்ணி ஏப்ரல் வரைக்கும் தாங்கிவிடும் என்று கணக்குச் சொன்னார்.

அடுத்த குளிருக்கு அவலாஞ்சி போக வேண்டுமென்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அங்கே காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும், விடிவதற்கு முன்னால் விடமாட்டார்கள், அதனால் புல்லில் வெள்ளை மிச்சமிருக்குமா என்று சொல்ல முடியாது என்றேன். "வெள்ளை கெடக்கட்டும் கண்ணு, நான் அந்த ஆறு பொறக்கற எடத்தைப் பாக்கோணும்" என்றார்.